சலித்து எடுத்து அனுப்பிய புகை

பெங்களூரில், கண்ணாடிச் சுவரும் குளிர்காற்றும் சூழ, ஆறாவது மாடியில் அமர்ந்து ஊரார் தகவலை உலகத்தாருக்கு விற்றுக்கொடுக்கும் என் தாய்மாமன் பிரபாகரன் அவர்களின் மேலான கவனத்துக்கு, போடிநாயக்கனூரிலிருந்து அக்கா மகள் தமிழினி, கைவசம் இருக்கும் மரியாதை முழுவதையும் ஒரே வரியில் செலவழித்து எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம். அப்பா சுகம். ஜீப்பு சுகம், போன வாரம்தான் பிரேக் மாற்றினோம். அம்மா மட்டும் சுகமில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் சுற்றுவழி. போடிமெட்டுக்கு நேர்ரோடு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததா?

இந்தக் காலத்தில் தபாலில் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். நீங்கள்தான் என்னை வாட்ஸ்அப்பில் தடுத்து வைத்திருக்கிறீர்களே. சொந்தக்காரர்கள் குரூப்பில் "மணமகள் தேவை, மாப்பிள்ளை மேகத்தில் வேலை பார்க்கிறார், மழைக்காலத்தில் மட்டும் தரையிறங்குவார்" என்று நான் போட்டது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தகவலையெல்லாம் மேகத்தில் வைத்திருக்கிறோம் என்று சொன்னது நீங்கள். அதைக் கேட்டு ராசிங்காபுரத்திலிருந்து நிஜமாகவே இரண்டு ஜாதகம் வந்ததற்கு நான் பொறுப்பில்லை. இரண்டில் ஒன்று நல்ல ஜாதகம் என்று அம்மா இன்னமும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

அம்மா பற்றிச் சொல்கிறேன். பெயரிலேயே மூக்கை வைத்திருக்கும் உங்கள் அக்கா மூக்கம்மாளுக்கு இப்போது மூச்சு விடுவதே ஒரு தனிச் சோலியாக இருக்கிறது. படியேறினால் நின்று நின்று ஏறுகிறாள். சிரித்தால் இருமுகிறாள். அதனால் நான் வீட்டில் ஜோக்கடிப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன், நிலைமை எவ்வளவு மோசம் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள். தேனியில் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதினார், உறிஞ்சுகிற மருந்துக் குப்பி ஒன்று கொடுத்தார், கடைசியாக "புகைப் பக்கமே போகக்கூடாதும்மா" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். மறுநாள் காலை ஜீப்பில் ஏறி மலை மேலே ஸ்டோருக்குப் போய் அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள்.

நீங்கள் ஊரை விட்டுப் போய் ரொம்ப நாளாகிவிட்டதால் நம் ஸ்டோர் எப்படி இருக்கும் என்பது மறந்திருக்கும். நினைவுபடுத்துகிறேன். ஸ்டோர் என்றால் உங்கள் ஊரில் சோப்பு விற்கிற இடம். எங்கள் மலையில் ஏலக்காய் உலர்த்துகிற கட்டடம். பறித்த பச்சைக் காய் அன்றைக்கே அதற்குள் போயாக வேண்டும். வெளியே அடுப்பு, அடுப்பிலிருந்து அறைக்குள் ஓடும் தகரக் குழாய், குழாய்க்கு மேலே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டு, தட்டில் காய். சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் பச்சை வெளுக்கும். காய் வருகிற மாதமும் மழை வருகிற மாதமும் ஒன்று என்பதால் விறகு எப்போதும் ஈரம். ஈர விறகு எரிவதில்லை, அழுகிறது. அதை அழவிடாமல் எரிய வைக்கிற கை எங்கள் வீட்டில் அம்மாவுடையது மட்டும்தான். அப்பா அடுப்பைப் பார்த்தால் காய் வெடிக்கும். நான் பார்த்தால் அடுப்பே அணையும். ஆகவே அம்மா.

இந்த இடத்தில்தான் நீங்கள் வைகாசி மாதம் வந்து இறங்கினீர்கள், ஒரு அட்டைப்பெட்டி நிறைய, சோப்புப்பெட்டி அளவு வெள்ளைப் பெட்டிகளோடு. சூடு, ஈரம், புகை மூன்றையும் அளந்து தானாகவே பெங்களூருக்கு அனுப்பும் பெட்டிகள். கல்யாண மண்டபத்தில் ஸ்டோர்க்காரர்களையெல்லாம் கூட்டி, மைக் பிடித்துப் பேசினீர்கள். அந்தப் பேச்சு நல்ல பேச்சு மாமா. கேலி செய்வதற்காகக் குறிப்பெடுக்கப் போன நான் கேலியை மறந்து கேட்டேன். கோயம்புத்தூரில் உலர்த்தும் மிஷின் செய்கிற ஒரு கம்பெனி இருக்கிறது, விறகு பாதியாகவும் புகை இல்லாமலும் எரிகிற மிஷின் ஒன்று செய்யலாமா என்று யோசிக்கிறது, ஆனால் நம் மலையில் என்ன எரிகிறது எப்படி எரிகிறது என்று அதற்குத் தெரியாது, ஆள் அனுப்பி ஒவ்வொரு ஸ்டோராகப் பார்க்க அதனால் ஆகாது, நம் பெட்டிகள் தருகிற தகவலை உங்கள் கம்பெனி நடத்தும் சந்தையில் வாங்கினால் உட்கார்ந்த இடத்திலேயே மலையைப் பார்க்கலாம் என்றீர்கள். அதே தகவலை இன்னொரு மிஷின் கம்பெனியும் வாங்கும், யார் முதலில் நல்ல மிஷின் செய்வது என்று போட்டி வரும் என்றீர்கள். வெளிநாட்டில் ஏலக்காய் வாங்குகிறவர்கள் இதற்கு எத்தனை மரத்தை எரித்தாய் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் போட்டி சும்மா பேச்சுக்கு இல்லை என்றும் சொன்னீர்கள். முதல் மிஷினைச் சோதனைக்காக நம் மலையில் இருக்கும் ஸ்டோர் ஒன்றில்தான் வைப்பார்கள் என்று நீங்கள் முடித்தபோது நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பக்கத்து ஸ்டோர் அமாவாசை அண்ணன் எழுந்து ஒரு கேள்வி கேட்டார், நினைவிருக்கிறதா?

"மாப்ளே, நான் ஏலக்காய வித்தா அது எங்கிட்ட இருக்காது. நீ சொல்ற இந்தத் தகவல பத்துப் பேருக்கு வித்த பெறகும் எங்கிட்டயே இருக்கும்ங்கிற. அப்ப இது சரக்கா, வதந்தியா?"

மண்டபமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு, புரிய வைக்க வேண்டும் என்கிற ஆர்வத்தில் அந்த வாக்கியத்தைச் சொன்னீர்கள். "அண்ணே, ரொம்ப யோசிக்காதீங்க. இதுவும் நம்ம ஏலம் மாதிரிதான். சரக்குக்குப் பதிலா தகவல், அவ்வளவுதான்."

மாமா, உலகத்தில் எத்தனையோ உவமை இருக்கிறது. பால் பண்ணை மாதிரி என்று சொல்லியிருக்கலாம். லைப்ரரி மாதிரி என்று சொல்லியிருக்கலாம். ஏலத்தையே ஏலம் விட்டுப் பிழைக்கிற ஊரில் வந்து நின்றுகொண்டு ஏலம் மாதிரி என்று சொன்னீர்களே, அங்கேதான் ஜீப்பு வளைவில் நேராகப் போனது.

ஏலத்துக்குப் போகிற சரக்கை யாராவது அப்படியே கொண்டு போவார்களா? உலர்ந்த காயைத் தேய்த்து வால் எடுப்போம். சல்லடையில் போட்டு எட்டு எம்.எம். தனி, ஏழு எம்.எம். தனி என்று பிரிப்போம். வெடித்தது, வெளுத்தது, பூச்சி தொட்டது எல்லாவற்றையும் உட்கார்ந்து பொறுக்கி எடுப்போம். வாங்க வருகிறவர் தட்டில் கொட்டி உருட்டிப் பார்க்கும்போது ஒரு வெடித்த காய் கண்ணில் பட்டால் போதும், முழு லாட்டுக்கும் விலை இறங்கும். இது நேர்மையில்லாத வேலை இல்லை, மரியாதை. அழுக்குச் சட்டையோடு கல்யாணத்துக்குப் போகமாட்டோம் இல்லையா, அந்த மாதிரி. நீங்கள் கொடுத்த பெட்டிகளை இந்த ஊர் என்ன செய்திருக்கும் என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்க வேண்டும்.

முதல் மழை வந்த அன்று அப்பா அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த பெட்டியைக் கழற்றினார். நான் என்னப்பா என்றேன். "இன்னைக்கு வெறகு சரியில்லத்தா. இந்தப் பொகையவா ஏலத்துக்கு அனுப்புவாக?" என்று சொல்லிவிட்டு அறையின் கடைக்கோடியில், ஜன்னல் பக்கம், காற்று நன்றாக வருகிற இடத்தில் மாட்டினார். விறகு இன்னும் மோசமான நாளில் அதைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசி டிரம்மில் வைத்தார். நல்ல வெயில் அடித்து விறகு காய்ந்து அடுப்பு பளிச்சென்று எரிகிற நாளில் மட்டும் பெட்டியை அதன் பழைய இடத்தில் மாட்டி, ஒரு ஈரத்துணியால் துடைத்தும் விடுவார். மோசம் பண்ணுகிறோம் என்கிற எண்ணம் அவர் மனசில் ஒரு துளியும் இல்லை. தகவலைத் தரம் பிரித்தார். அவ்வளவுதான்.

அப்பா மட்டுமா? மலையே அதைத்தான் செய்தது. அமாவாசை அண்ணன் தன் பெட்டியை இடம் மாற்றி மாற்றி எங்கேயும் திருப்தியாகாமல் கடைசியில் வீட்டுப் பூஜையறையில் கொண்டுபோய் வைத்தார். அதைவிடச் சுத்தமான இடம் ஏது? வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் சாம்பிராணி போட்டார்கள். நீங்கள் பதறிப்போய் அவருக்கு போன் செய்தீர்கள்.

"அண்ணே, ஒங்க ஸ்டோரு தீப்பிடிச்சிருச்சா?"

"இல்ல மாப்ளே. வெள்ளிக்கெழம."

அன்றிலிருந்து அவர் வீட்டுச் சாமிக்குச் சாம்பிராணி நிறுத்தப்பட்டது. சாமி ஒன்றும் சொல்லவில்லை. எல்லோர் போனிலும் நீங்கள் ஏற்றித் தந்த செயலி அவருக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது.

அந்த நட்சத்திரம் இன்னொரு வம்பு மாமா. தகவல் ஏறி இறங்காமல் ஒரே சீராக இருந்தால் வாங்குகிறவர்களுக்குப் பிடிக்கிறது என்று நட்சத்திரம் கூட்டுகிறது உங்கள் சந்தை. அப்பா தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் நட்சத்திரம் பார்க்கிறவராகிவிட்டார். அமாவாசை அண்ணனுக்கு ஐந்து, தனக்கு நாலரை என்றால் அன்றைக்கு வீட்டில் யாரும் பேச முடியாது. ஒருநாள் டீக்கடையில் இரண்டு பேரும், "என் தகவலு எட்டு எம்.எம்.மு, ஒன் தகவலு தூசி" என்று சண்டை போட்டதை நான் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன், தடையை நீக்கினால் அனுப்புகிறேன்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஐப்பசி மழையில் மலை நனைந்து கிடக்கும்போது, எங்கள் ஸ்டோரின் புகை அளவைக் காட்டும் கோடு உங்கள் கம்ப்யூட்டரில் தூங்குகிற பூனையின் முதுகு மாதிரி ஆடாமல் அசையாமல் கிடந்திருக்கிறது. ஆறாவது மாடியில் அதைப் பார்த்தவர்களில் மற்றவர்களுக்குத் தெரியாது, சரி. நீங்கள் அந்தப் புகையில் வளர்ந்தவர். பள்ளிக்கூட லீவில் அந்த அடுப்பு முன்னால் அக்காவோடு உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்ததாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இவ்வளவு அழகாக ஒரு கோடு இருக்க முடியுமா என்று ஒரு நாள்கூட உங்களுக்குத் தோன்றவில்லையா? இல்லை, தோன்றி, நட்சத்திரம் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டீர்களா? கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இனி போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். மிஷின் கம்பெனியிலிருந்து அனுப்பிரியா என்று ஒரு இன்ஜினியர் அக்கா வரப்போகிறார் என்று அப்பாவுக்குச் செய்தி வந்தது. எங்கள் ஸ்டோரைத்தான் பார்க்க வருகிறார். அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முதல் மிஷின் எங்களுக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டார். "நல்ல சரக்குக்குத்தானத்தா நல்ல வெல? ஒழுங்கா வேல பாக்குறவனுக்குத்தான மிஷினு குடுப்பான்? ஒங்கம்மா இனிமே அடுப்பு முன்னால ஒக்கார வேண்டாம், பாரு" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது மாமா. நானும் இந்த ஊர்தானே.

முந்தின நாளே ஸ்டோர்ச் சுவரில் படிந்திருந்த கரி மேல் சுண்ணாம்பு அடித்தோம். விறகை மரத்துக்குப் பின்னால் அடுக்கித் தார்ப்பாய் போட்டோம். காலையில் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. எல்லாம் முடிந்து அப்பா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார், சரக்கை ஏலத்துக்கு ஏற்றும் முன்னால் கடைசியாக ஒரு தடவை பார்ப்பாரே, அந்தப் பார்வை. பார்வை சுற்றி வந்து அம்மா மேல் நின்றது. அம்மா அப்போதுதான் சுண்ணாம்பு நெடியில் விடாமல் இருமிக்கொண்டிருந்தாள்.

"மூக்கம்மா..." என்று ஆரம்பித்தார் அப்பா.

"தெரியுது. ராசிங்காபுரத்துல எங்க பெரியம்மாவப் பாத்து நாளாச்சு. போயிட்டு சாயங்காலமா வர்றேன்."

"ஒன்னயப் போகச் சொல்லல..."

"நீங்க சொல்லல, நாந்தான் போறேன். அந்தப் புள்ள வந்து நிக்கையில நான் கொள்ளு கொள்ளுனு இருமிக்கிட்டு இருந்தா மிஷினு எப்படி வரும்? வெரசா ஒரு ஜீப்ப நிறுத்துங்க."

வேலையாட்களை இறக்கிவிட்டுத் திரும்புகிற ஜீப்பு ஒன்று வந்தது. அம்மா ஏறிக்கொண்டாள். வளைவு திரும்பும் வரைக்கும் இருமல் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. அப்பா அம்மாவையும் சலித்துவிட்டார். வெடித்த காயைப் பொறுக்கி எடுப்பது மாதிரி லாட்டிலிருந்து அம்மாவை எடுத்துவிட்டார். அதைவிட மோசம், அம்மாவே தன்னைப் பொறுக்கி எடுத்துத் தந்துவிட்டாள்.

அனுப்பிரியா அக்கா வந்தார். அமாவாசை அண்ணன், அழைக்காமலே, துணைக்கு வந்து நின்றார்.

"சார், உங்க ஸ்டோர் டேட்டாவப் பாத்து எங்க டீமே ஆச்சரியப்பட்டுட்டாங்க. உங்க கோட்டப் பிரின்ட் எடுத்து ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருக்கோங்க. அடுப்ப யாருங்க பாத்துக்கறாங்க?"

"அது தானாவே எரியும் மேடம்," என்றார் அப்பா.

"சொன்ன பேச்சக் கேக்கும் மேடம்," என்றார் அமாவாசை அண்ணன். "இவுக வீட்டுல அது ஒண்ணுதான் சொன்ன பேச்சக் கேக்கும்." என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அக்கா சிரித்துக்கொண்டே அடுப்புப் பக்கம் போனார். அங்கே அம்மா உட்காருகிற பலகை. பலகை ஓரத்தில், அவசரத்தில் அம்மா விட்டுவிட்டுப் போன மருந்துக் குப்பி. அக்கா குனிந்து எடுத்தார்.

"இது யாரோடதுங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அமாவாசை அண்ணனைப் பார்த்தேன். அமாவாசை அண்ணன்தான் முந்திக்கொண்டார். "அது... ஜீப்பு டயருக்குக் காத்தடிக்கிறது மேடம்."

அனுப்பிரியா அக்கா அதைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சின்ன டயருங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். சுவரில் சாய்ந்ததில் அவர் துப்பட்டா முழுக்கச் சுண்ணாம்பு. தட்டிவிட்டார், போகவில்லை.

அப்புறம் பையிலிருந்து ஒரு தகடு எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். "புகை குறைந்த முன்மாதிரி ஸ்டோர்" என்று பச்சை எழுத்தில் எழுதியிருந்தது. அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "மிஷினு எப்ப வரும் மேடம்?" என்றார்.

அக்கா தயங்கினார். "மிஷின் இல்லீங்க சார். அதச் சொல்லத்தான் நேர்ல வந்தேன். இந்த மலையில புகை இவ்வளவு கம்மியா இருக்கறப்போ புது மிஷினுக்குத் தேவையே இல்லன்னு கம்பெனியில சொல்றாங்க. அந்த வேலய நிறுத்தி வச்சுட்டு, காத்துப்புகாத பை தைக்கற மிஷின் பக்கம் போகலாம்னு பேச்சு. இன்னும் கையெழுத்து ஆகல. ஆனா ஆயிடும்னு நினைக்கறேங்க."

அப்பா தகட்டைப் பிடித்தபடியே நின்றார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை, மாமா. வாழ்நாளிலேயே மிக நல்ல சரக்காக அனுப்பியிருக்கிறார், அதனாலேயே லாட் திரும்பி வந்துவிட்டது. இப்படியும் ஒரு சந்தை இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சாயங்காலம் அம்மா ஜீப்பிலிருந்து இறங்கியவுடன், "மிஷினு தர்றாகளா?" என்றாள். அப்பா அடுப்பைப் பற்ற வைக்கப் போனார். அணைந்து அணைந்து புகைந்தது. "தள்ளுங்க" என்று அம்மா போய் உட்கார்ந்தாள். தகடு ஸ்டோர் வாசல் நிலைக்கு மேலே மாட்டியிருக்கிறது. ஒரு வாரத்தில் கரி படிந்து இப்போது "முன்மாதிரி" மட்டும்தான் தெரிகிறது.

அன்றிலிருந்து நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். யோசிப்பது எனக்குப் பழக்கமில்லை என்பதால் தலை வலிக்கிறது. கம்பெனிக்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல முடியவில்லை. கண்ணால் பார்க்காத புகைக்கு யார் மிஷின் கண்டுபிடிப்பார்கள்? அவர்களுக்குக் கண்ணாக இருக்கிறேன் என்றுதான் உங்கள் சந்தை வந்தது. அது பொய்யான வேலை இல்லை. இந்த மலையின் புகை உள்ளபடி கோயம்புத்தூருக்குப் போயிருந்தால் இரண்டு கம்பெனியும் அடித்துக்கொண்டு மிஷின் செய்திருக்கும், அதிலும் சந்தேகமில்லை. ஆனால் விற்கிறவனுக்கு அழகாகக் காட்ட ஆசை, நடுவில் இருப்பவருக்கு நட்சத்திரம் கூட்ட ஆசை, வாங்குகிறவருக்கு வேலை மிச்சமாக ஆசை. எல்லோருடைய ஆசையும் நிறைவேறியதில் ஒரு ஆள் மட்டும் புகையில் உட்கார்ந்திருக்கிறாள். தன் நோவை விற்கத்தான் சந்தைக்கு வந்திருக்கிறோம், நோவு எவ்வளவு பெரிதோ அவ்வளவு விலை என்று எந்த மனுஷனுக்கு எடுத்த எடுப்பில் தோன்றும், சொல்லுங்கள். நாம் ஊருக்குள் நோவை மறைத்துத்தானே பழகியிருக்கிறோம்?

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். கையெழுத்தாகும் முன்னால் எங்கள் மலைத் தகவல் முழுவதையும் உங்கள் சந்தையிலிருந்து எடுத்துவிடுங்கள். இது சலித்த சரக்கு, நம்பி மிஷின் வேலையை நிறுத்த வேண்டாம் என்று கோயம்புத்தூருக்குச் சொல்லுங்கள். நானே அனுப்பிரியா அக்காவிடம் சொல்லியிருக்கலாம், அவர் நம்பர் அப்பா போனில் இருக்கிறது. ஆனால் சொன்னால் அப்பா ஏமாற்றுக்காரர் என்று ஆகிவிடும். அவர் அதில்லை. நீங்கள் சொன்னால் ஏதோ இயந்திரக் கோளாறு என்று நாசூக்காகப் போய்விடும். உங்கள் பொறுப்பில் விற்ற தகவல் என்பதால் உங்கள் வேலைக்கு இடைஞ்சல் வரலாம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். மேகத்திலிருந்து கொஞ்சம் இறங்குங்கள் மாமா.

இன்னொரு யோசனையும் இருக்கிறது, இலவசமாகத் தருகிறேன். பொறுக்கி எடுத்த வெடித்த காயையும் வெளுத்த காயையும் நாங்கள் குப்பையில் கொட்டுவதில்லை. கழிவு என்று தனியாகக் கட்டித் தனி லாட்டாக விற்கிறோம். அதில் யாருக்கும் வெட்கமில்லை, ஏனென்றால் பெயரே கழிவு. உங்கள் சந்தையிலும் மோசமான நாளுக்கு என்று தனி லாட் ஒன்று திறங்கள். மழை நாள் புகை, ஈர விறகு, அணைந்த அடுப்பு எல்லாவற்றையும் அதில் போடலாம் என்று அறிவித்துப் பாருங்கள். அப்பாவும் அமாவாசை அண்ணனும் "என் கழிவுதான் ஒசத்தி" என்று அதற்கும் டீக்கடையில் சண்டை போடுவார்கள். அந்த லாட்டைத்தான் மிஷின் கம்பெனி முதலில் தேடி வாங்கும் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் நான் பன்னிரண்டாம் வகுப்பு என்பதை மனதில் கொண்டு மன்னிக்கவும்.

நேரத்துக்குச் சாப்பிடவும். ஆறாவது மாடியில் ஜன்னல் இருந்தால் திறந்து வைக்கவும். அங்கே உங்களோடு வேலை பார்ப்பவர்களுக்கு என் வணக்கத்தையும், அவர்களில் நட்சத்திரம் போடுகிறவருக்கு என் வருத்தத்தையும் தெரிவிக்கவும். உங்கள் காலில் விழுந்து ஆசி வாங்கிக்கொள்கிறேன், தரை ஈரமாக இருப்பதால் மனதுக்குள்.

இப்படிக்கு,
தடை செய்யப்பட்டும் பாசம் குறையாத,
மு. தமிழினி

பின்குறிப்பு: மேலே கேட்டது எதையும் செய்ய வேண்டாம். தகவலை எடுக்க வேண்டாம், கோயம்புத்தூருக்கு எதுவும் சொல்ல வேண்டாம், வேலையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும். ஒட்டுவதற்கு முன்னால் கடிதத்தை அம்மா வாங்கிப் படித்துவிட்டாள். மேகத்து மாப்பிள்ளையில் சிரித்தாள், இருமினாள், மறுபடி படித்தாள். தான் ராசிங்காபுரம் போனதைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தில் ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம் அப்பா போனை எடுத்து, என்னை நம்பர் தேடித் தரச் சொல்லி, அவளே பேசினாள். "யம்மா, நான் மூக்கம்மா பேசுறேன். அந்த ஸ்டோருல அடுப்பு எரிக்கிறவ. அன்னைக்கு நீ வந்தப்ப நான் இல்ல. இல்லாம இருந்தது நான் பண்ணுன தப்பு, எங்க வீட்டுக்காரரு மேல கோவப்படாத. இன்னொரு தடவ வா. இந்தத் தடவ நான் இருப்பேன்." அந்தப் பக்கம் அனுப்பிரியா அக்கா என்னவோ சொன்னார். வியாழக்கிழமை வருகிறாராம். கையெழுத்துப் போடுகிற பெரியவரையும் கையோடு கூட்டி வருகிறாராம். மிஷின் வருமா வராதா என்று அவரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

அப்பா இதையெல்லாம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே வந்து, அம்மா முகத்தைப் பார்க்காமல், "அப்ப நாளைக்கே சுண்ணாம்பு வாங்கிட்டு வந்துரவா?" என்றார்.

"ஒரு சுண்ணாம்பும் வேணாம்," என்றாள் அம்மா. "வெறகடுக்குல அடியில நனஞ்சு கெடக்குல்ல, அதுல நாலு கட்டைய உருவிக் கொண்டாங்க. வியாழக்கெழம அதப் போட்டு எரிப்போம்."